வளர்ற ஊர்ல துப்பாக்கி சுட இடம் ஏன் கிடைக்க மாட்டேங்குது?

அமெரிக்கால வேகமா வளர்ற ஊருக்கு வேலை மாறிப் போறவங்கள்ல டார்கெட் ஷூட்டிங் பழக்கம் இருக்கிறவங்க போன கொஞ்ச நாள்லயே ஒரு விஷயத்துல குழம்பிப் போயிடுறாங்க. சுத்திப் பாத்தா கண்ணுக்கெட்டுற வரைக்கும் காலி நிலம், துப்பாக்கிக் கடை மூலைக்கு மூலை இருக்கு, ஆனா வெளியில நின்னு நிம்மதியா நூறு ரவுண்டு சுட இடம் எங்கன்னு கேட்டா "முன்னாடி அந்தப் பக்கம் ஒரு இடம் இருந்துச்சு, இப்ப மூடிட்டாங்க"ன்னுதான் பதில் வருது. உடனே எல்லாரும் இது அரசியல், கலிஃபோர்னியாலேர்ந்து துப்பாக்கி புடிக்காதவங்க வந்து குடியேறிட்டாங்கன்னு முடிவு கட்டிடுறாங்க. அங்கங்க அதுவும் இருக்கலாம், ஆனா 2010-லேர்ந்து 2020 வரைக்கும் நாட்டுலயே வேகமா மக்கள்தொகை கூடுன மாநிலம் யூட்டா (18.4 சதவீதம்), அடுத்தது ஐடஹோ (17.3), இந்த ரெண்டும் துப்பாக்கி விஷயத்துல எவ்ளோ தாராளம்னு எல்லாருக்கும் தெரியும், அங்கயும் இதே பாட்டுதான் பாடுறாங்க. அதனால அரசியலை கொஞ்சம் ஓரமா வச்சுட்டு நிலக் கணக்கைப் பாத்தா விஷயம் சீக்கிரம் புரியும்.

ஒரு 22 காலிபர் தோட்டா, சின்னப் பசங்களுக்கு முதல்ல கத்துக்கொடுக்கிற அந்தக் குட்டித் தோட்டா, சரியான கோணத்துல கிளம்புனா ஒரு மைலைத் தாண்டிப் போகும், டப்பாவுலயே எச்சரிக்கை போட்டிருப்பான். மான் வேட்டைக்கு எடுத்துட்டுப் போற 30-06 மாதிரி ரைஃபிள்னா மூணு மைல்னு வச்சுக்கோங்க. ஷாட்கன்ல, பறக்க விடுற களிமண் தட்டை சுடுற சின்னக் குண்டு மட்டும் இருநூறு முந்நூறு கெஜத்துலயே விழுந்துடும். அதாவது நீங்க நிக்கிற இடம் நாலு கார் நிறுத்துற அளவுதான், ஆனா உங்களுக்கு முன்னாடி மைல் கணக்குல விசிறி மாதிரி விரிஞ்ச ஒரு நிலம் காலியா இருக்கணும், இல்லன்னா தோட்டாவை முழுங்குற அளவுக்கு உயரமான மண் மேடு வேணும். வளர்ற ஊர்ல பறிபோறது நீங்க நிக்கிற இடம் இல்லைங்க, அந்த விசிறிதான். அது உங்க பேர்லயும் இருக்காது, ரேஞ்ச், அதாவது சுடுற மைதானம், அதோட ஓனர் பேர்லயும் பெரும்பாலும் இருக்காது, யாரோ ஒரு பண்ணைக்காரர் நிலமா சும்மா கிடக்கும், அவர் பில்டருக்கு வித்த அன்னைக்கு கதை முடிஞ்சது.

டெக்சாஸ்ல இதை சட்டத்துலயே பாக்கலாம். அங்க நிலத்துல 95 சதவீதம் அளவுக்கு தனியார் கையில இருக்கு, அரிசோனா மாதிரி வண்டிய எடுத்துட்டு பாலைவனத்துக்குள்ள போயி சுடுறதுங்கிற பேச்சே கிடையாது. ஒரு லட்சம் பேருக்கு மேல இருக்கிற நகர எல்லைக்குள்ள அஜாக்கிரதையா சுட்டா குற்றம். ஆனா 1981 செப்டம்பர் 1-க்கு அப்புறம் நகரத்தோட சேத்த பகுதியிலயும் நகரத்துக்கு வெளியில அதோட அதிகாரம் எட்டுற பகுதியிலயும் பெரிய நிலம் வச்சிருக்கிறவங்களை நகராட்சி தடுக்க முடியாதுன்னு இன்னொரு பிரிவு இருக்கு: ஷாட்கன்னா 10 ஏக்கரும் பக்கத்து வீட்டுலேர்ந்து 150 அடியும், ரைஃபிள் பிஸ்டல்னா 50 ஏக்கரும் 300 அடியும், தோட்டா நம்ம எல்லையைத் தாண்டாத மாதிரியும் சுடணும். இத வச்சுத்தான் ஆஸ்டின் சுத்துல பண்ணை நிலம் வச்சிருக்கிறவங்க சுட்டுட்டு இருக்காங்க. அந்த 50 ஏக்கர் அரை ஏக்கர் அரை ஏக்கரா பிளாட் போட்டு வித்தாச்சுன்னா அந்த உரிமையும் அதோட போச்சு. ஊருக்கு வெளியில அஞ்சு ஏக்கர் வாங்கிட்டா நம்ம இஷ்டத்துக்கு சுடலாம்னு நினைச்சு நிலம் பாக்குறவங்க இருக்காங்க, அவங்க கவனிக்க வேண்டியது, நகரத்துக்கு வெளியில பிளாட் போட்ட பகுதியில 10 ஏக்கர் இல்ல அதுக்குக் கம்மியான மனையில சுடக்கூடாதுன்னு கவுண்டி, அதாவது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி நிர்வாகம், தடை போடலாம், போட்டும் இருக்காங்க.

மேற்கு மாநிலங்கள்ல கதை வேற, அங்க அரசாங்க நிலம் கொட்டிக் கிடக்கு. பிஎல்எம்னு சொல்ற நில நிர்வாகத் துறை கையில மட்டும் சுமார் 245 மில்லியன் ஏக்கர், ஃபாரஸ்ட் சர்வீஸ்ங்கிற மத்திய அரசு வனத்துறை கையில இன்னொரு 193 மில்லியன். ரெண்டுலயும் தடை போட்ட இடம் தவிர மத்த இடத்துல சுடலாம், காசு கிடையாது, பர்மிட் கிடையாது. ஃபாரஸ்ட்ல வீடு, கட்டடம், கேம்ப் போட்டிருக்கிற இடம் இதுலேர்ந்து 150 கெஜம் தள்ளி நிக்கணும், ரோட்டுக்குக் குறுக்க சுடக்கூடாது, இப்படி சில விதி இருக்கு. கேக்கறதுக்கு சொர்க்கம் மாதிரிதான் இருக்கும். ஆனா ஊர் வளரும்போது இந்த நிலம் எப்படிப் பறிபோகுதுன்னு பாக்க சால்ட் லேக் தெற்குல யூட்டா ஏரிக்கு மேற்குப் பக்கம் போனா போதும். சரடோகா ஸ்பிரிங்ஸ், ஈகிள் மவுண்டன்னு ரெண்டு ஊரு, தொண்ணூறுகள்ல பேருக்கு இருந்துச்சு, இப்ப தெருத் தெருவா வீடு. பின்னாடியே லேக் மவுண்டன்ஸ் மலை, பிஎல்எம் நிலம், தலைமுறையா ஜனங்க சுடுற இடம். 2012 ஜூன்ல சுடப் போனவங்களால அங்க தீ புடிச்சு, காத்துல பரவி, 5,000 ஏக்கருக்கு மேல எரிஞ்சு, ரெண்டாயிரத்துக்கு மேல வீட்டைக் காலி பண்ண வச்சாங்க. அது போதாதுன்னு அதே மலையில பழங்குடி மக்கள் பாறையில செதுக்கி வச்ச ஓவியத்து மேலயே சுட்டு ஓட்டை போட்டு வச்சிருந்தாங்க. கடைசியில அங்க ஒரு பகுதியை பிஎல்எம் மூடிடுச்சு. யாரைக் குத்தம் சொல்றது?

தோட்டாவால தீ புடிக்குமான்னு சிலர் நம்ப மாட்டாங்க. 2013-ல ஃபாரஸ்ட் சர்வீஸ் ஆராய்ச்சியாளர்கள் இரும்புத் தகட்டுல விதவிதமான ரைஃபிள் தோட்டாவை சுட்டுப் பாத்தாங்க, சிதறுற துண்டுங்க அந்த நொடியில பல நூறு டிகிரி சூட்டுக்குப் போயி கீழ இருக்கிற காஞ்ச பாசித் தூளைப் பத்த வச்சுது, குறிப்பா உள்ள இரும்பு வச்ச ஸ்டீல் கோர் தோட்டாவும் முழு செம்புத் தோட்டாவும். வெடிக்கிற டார்கெட் வேற தனிக்கதை. 2017 ஏப்ரல்ல டூசான் தெற்குல பிறக்கப் போற குழந்தை ஆணா பொண்ணான்னு காட்டுறதுக்கு ஒருத்தர் அதை சுடப் போயி கிட்டத்தட்ட 47,000 ஏக்கர் எரிஞ்சுது, கோர்ட்டு 8 மில்லியன் டாலருக்கு மேல கட்டச் சொல்லுச்சு. அதனாலதான் கோடைல பல ஃபாரஸ்ட்டுல, பிஎல்எம் ஏரியாவுல சுடுறதுக்கு மொத்தமா தடை வரும், ஜூன்ல இடம் தேடிட்டு கிடைக்கலன்னு புலம்புறவங்க நவம்பர்ல மறுபடி பாருங்க.

இப்ப நடக்கிற சங்கிலியைக் கவனிங்க. ஊருக்குக் கிட்ட பத்து இடம் இருந்துச்சு, அதுல மூணு பக்கத்துல வீடு வந்து மூடுறாங்க. சுடுற ஆளு எண்ணிக்கை குறையல, ஊர் வளருதே, கூடத்தான் செய்யும். அத்தனை பேரும் மிச்சம் ஏழு இடத்துக்கு வர்றாங்க, கூட்டம் ஏறுது, குப்பை ஏறுது. பழைய டிவி, வாஷிங் மெஷின், கண்ணாடி பாட்டில், புரொப்பேன் சிலிண்டர்னு கொண்டு வந்து சுட்டுட்டு அப்படியே போட்டுட்டுப் போறாங்க, மரத்துல டார்கெட்டைக் குத்தி சுட்டு சுட்டு மரமே ரெண்டா ஒடிஞ்சு விழுது, சைக்கிள் ஓட்டுறவங்க தலைக்கு மேல விர்ர்னு சத்தம் கேட்டுச்சுன்னு புகார் குடுக்குறாங்க. சரின்னு அதுல ரெண்டை மூடுறாங்க, மிச்சம் அஞ்சுக்கு இன்னும் கூட்டம். ஒவ்வொரு மூடலும் அடுத்த மூடலைக் கூட்டிட்டு வருது. கொலராடோ மலைப் பக்கம் 2015-ல கேம்ப் போட்டிருந்த ஒரு தாத்தா குடும்பத்தோட நெருப்பைச் சுத்தி இருக்கும்போது எங்கிருந்தோ வந்த தோட்டா பட்டு இறந்தாரு. அப்படி ஒண்ணு நடந்தப்புறம் மூடாதீங்கன்னு யாரு போயி வாதாட முடியும்?

அரசாங்க நிலம் அப்படின்னா, சுத்தி வேலி போட்டு முறையா நடத்துற ரேஞ்ச் ஏன் போகுது? இங்க சட்டம் சுவாரசியமா இருக்கும். 1950-கள்ல ஃபீனிக்ஸ் மேற்குல ஒரு பெரிய மாட்டுத் தீவனப் பண்ணை இருந்துச்சு, அப்புறம் டெல் வெப் நிறுவனம் பக்கத்துல சன் சிட்டின்னு ஓய்வு பெற்றவங்களுக்கான ஊரையே கட்டிக்கிட்டு பண்ணையை நோக்கி வந்துச்சு, நாத்தம் தாங்கலன்னு டெல் வெப்பே கேஸ் போட்டுச்சு. 1972-ல அரிசோனா உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு இன்னைக்கும் சட்டக் கல்லூரியில பாடம்: பண்ணை இடம் மாறணும், ஆனா தெரிஞ்சே ஜனங்களை அங்க கூட்டிட்டு வந்த பில்டர்தான் அதுக்கான செலவைக் குடுக்கணும். முன்னாடியே இருந்தவன் ஜெயிச்சானா தோத்தானான்னு சொல்ல முடியாத தீர்ப்பு. ரேஞ்சுக்கும் இதே நிலைமை வரக்கூடாதுன்னு பெரும்பாலான மாநிலங்கள் ரேஞ்ச் பாதுகாப்புச் சட்டம் வச்சிருக்கு, சுருக்கமா சொன்னா ரேஞ்ச் இருக்கிறது தெரிஞ்சு பக்கத்துல வீடு வாங்குனவங்க சத்தத்தைக் காரணம் காட்டி மூடச் சொல்ல முடியாது.

நல்ல சட்டம்தான். ஆனா அது சத்தத்துல இருந்துதான் காப்பாத்தும். எல்லை தாண்டி ஒரு தோட்டா பக்கத்து வீட்டுச் சுவத்துல ஏறுனா அது காப்பாத்தாது. ஈயம் நிலத்தடித் தண்ணியில கலந்தா காப்பாத்தாது. எல்லாத்துக்கும் மேல, ஓனர் நிலத்தை வித்தாலோ, குத்தகைக்குக் குடுத்தவரு புதுப்பிக்க மாட்டேன்னு சொன்னாலோ எந்தச் சட்டமும் ஒண்ணும் பண்ணாது. என் பார்வையில வளர்ற ஊர்ல தனியார் ரேஞ்சுக்கு உண்மையான எமன் இதுதான். பக்கத்து வீட்டுக்காரர் புகாரைப் பத்தி எல்லாரும் கத்துறாங்க, ஏக்கர் விலை ஏறுறதைப் பத்தி யாரும் பேசறதில்ல. அப்பா நடத்துன ரேஞ்ச், பசங்களுக்கு ஆர்வம் இல்ல, பில்டர் செக்கோட வந்து நிக்கிறாரு. என்ன பண்ணுவாங்க?

ஈயத்தைப் பத்தி ஒரு கணக்கு சொல்றேன். களிமண் தட்டு சுடுற ஒரு சாதாரண ஷெல்லுல, அதாவது ஷாட்கன் தோட்டாவுல, 1⅛ அவுன்ஸ் ஈயம். ஒரு ஆளு ஒரு மதியத்துல நூறு ஷெல் சுட்டா ஏழு பவுண்டு, அதாவது மூணு கிலோவுக்கு மேல ஈயத்தை வயல் மேல தூவிட்டுப் போறாரு. ரைஃபிள் ரேஞ்ச்ல எல்லாத் தோட்டாவும் மண் மேட்டுல ஒரே இடத்துல சேரும், தோண்டி எடுத்து விக்கலாம், ஷாட்கன்ல ஏக்கர் கணக்குல பரவிடும். மண்ணு புளிப்பா இருந்தா ஈயம் கரைய ஆரம்பிக்கும், அதனால சுண்ணாம்பு போடச் சொல்லி சுற்றுச்சூழல் ஏஜென்சி இபிஏ ஒரு வழிகாட்டியே போட்டிருக்கு. அம்பது வருஷம் ஓடுன ஷாட்கன் கிளப் ஒண்ணு கிட்ட இந்தக் கணக்கை யாராவது முறையா பாத்தாங்கன்னா சுத்தம் பண்ற செலவு நிலத்து விலையைத் தொடும்.

நிலைச்சு நிக்கிற இடங்களைப் பாத்தா ஒரு ஒத்துமை தெரியும். ஃபீனிக்ஸ் வடக்குல பென் ஏவரி ரேஞ்ச், 1957-லேர்ந்து இருக்கு, மாநில வனவிலங்குத் துறை நடத்துது, சுமார் 1,650 ஏக்கர். அது ஆரம்பிச்சப்போ அந்தப் பக்கம் ஒண்ணும் கிடையாது, இப்ப சில மைல் தூரத்துல டிஎஸ்எம்சி சிப் ஃபேக்டரியே வந்தாச்சு, சுத்தி வீடு கட்டித் தள்ளுறாங்க, ரேஞ்ச் அசையல. லாஸ் வேகாஸ் வடக்குல கிளார்க் கவுண்டி ரேஞ்ச் இன்னும் பெருசு, 2,900 ஏக்கர், 2002-ல காங்கிரஸ் சட்டம் போட்டு பிஎல்எம் நிலத்தை கவுண்டிக்குக் குடுத்துச்சு. கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல மலைமேல இருந்த ராம்பார்ட் ரேஞ்சை 2009-ல ஒரு உயிர் போனதுக்கு அப்புறம் மூடிட்டாங்க, மாத்து இடம் 2012-ல ஃபோர்ட் கார்சன் ராணுவ நிலத்துல வந்துச்சு. மூணுலயும் நிலம் அரசாங்கத்தோடது, தோட்டா விழுற விசிறியும் வேலிக்குள்ளயே இருக்கு. பில்டர் செக்கோட வந்தாலும் விக்க ஆளில்ல.

இதுக்கெல்லாம் பணம் எங்கேர்ந்து வருதுன்னா, பெரும் பங்கு நீங்களே குடுக்கிறதுதான். 1937-ல வந்த பிட்மேன் ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள், ஷாட்கன், தோட்டாவுக்கு 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம் வரி தயாரிப்பாளர்கிட்டயே புடிச்சிடுவாங்க, அது மாநில வனவிலங்குத் துறைக்குப் போகும், வனவிலங்குக்கும் வேட்டைப் பயிற்சிக்கும் ரேஞ்சுக்கும் செலவாகும். முன்னாடி ரேஞ்ச் கட்ட மாநிலம் 25 சதவீதம் போடணும், 2019-ல சட்டத்தைத் திருத்தி 10 சதவீதம் போட்டா போதும்னு ஆக்கிட்டாங்க. அதனால புது ஊருக்குப் போனதும் முதல்ல தேட வேண்டியது கூகுள் மேப்ல "கன் ரேஞ்ச்" இல்ல, அந்த மாநில வனவிலங்குத் துறையோட சைட்டு. விளம்பரமே இல்லாம, ஆள் கூட இல்லாம, நாலு ஷெட்டும் மண் மேடும் மட்டும் இருக்கிற அரசு ரேஞ்ச் அங்கதான் பட்டியல் போட்டிருக்கும்.

அரசு நிலத்துல சுடப் போறதுன்னா மேப்புல பச்சைக் கலரா இருக்கேன்னு போயிடாதீங்க. நேஷனல் ஃபாரஸ்ட்டுல சுடலாம், நேஷனல் பார்க்குல கூடாது. அரிசோனால ஸ்டேட் டிரஸ்ட் லேண்டுன்னு பிஎல்எம் நிலத்தோட சதுரங்கக் கட்டம் மாதிரி கலந்து கிடக்கும், அது பொது நிலம் மாதிரியே தெரியும், ஆனா டார்கெட் ஷூட்டிங்குக்கு அனுமதி கிடையாது, பொழுதுபோக்கு பர்மிட் வாங்கியிருந்தாலும் சரி. நிலம் யாரோடதுன்னு காட்டுற ஆன்எக்ஸ் மாதிரி ஆப்ல பாத்துட்டு, அந்த ஏரியா ரேஞ்சர் ஆபீசுக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுருங்க, நிஜமாவே எடுத்துப் பேசுவாங்க. இடத்துல நின்னு பாக்கும்போது முன்னாடி மலைச்சரிவு வேணும், மண்ணா இருக்கணும், பாறையா இருந்தா திருப்பி அடிக்கும். மேட்டு உச்சியில டார்கெட் வச்சு வானத்தைப் பாத்து சுடுறவங்களைப் பாத்தா சத்தம் போடாம வண்டிய திருப்பிடுங்க.

துப்பாக்கி கிளப்புகள் பல ஊர்ல வெயிட்டிங் லிஸ்ட் வச்சிருக்கும், வருஷக் கணக்குல கூட இழுக்கும். ஆனா மெம்பர் ஆகாமலே உள்ள போக ஒரு வழி இருக்கு, மேட்ச். யூஎஸ்பிஎஸ்ஏ, ஐடிபிஏ, ஸ்டீல் சேலஞ்ச், டிராப்னு பல வகைப் போட்டி மாசா மாசம் நடக்கும், பிராக்டிஸ்கோர்ங்கிற சைட்டுல பேரு குடுத்துட்டு வெளியாளும் போகலாம். போனா சும்மா சுட்டுட்டு கிளம்பாதீங்க, டார்கெட்ல ஓட்டைக்கு ஸ்டிக்கர் ஒட்டுங்க, ஸ்டீல் பிளேட்டை நிமித்தி வைங்க, ஸ்கோர் டேப்லெட் புடிங்க. அந்த வேலையப் பாத்துத்தான் கிளப்புல ஆளை எடை போடுவாங்க. "ரேஞ்ச் கோல்ட்"னு, அதாவது சுடுறதை நிறுத்தச் சொல்லி, குரல் வந்ததும் துப்பாக்கியத் தொடாம மேசையிலேர்ந்து ரெண்டடி பின்னாடி தள்ளி நிக்கிறீங்களா, இல்ல பேக்குல கைய விட்டு எதையாவது நோண்டுறீங்களா, இதையும் யாரோ ஒரு பெரியவர் பாத்துட்டேதான் இருப்பாரு.

இன்டோர் ரேஞ்ச் வளர்ற ஊர்ல மட்டும் பெருகும், காரணம் சிம்பிள், தோட்டா விசிறியைக் கட்டடத்துக்குள்ளயே அடைச்சாச்சு, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் பக்கத்துலயே கட்டலாம். பிஸ்டலுக்கு நல்லா இருக்கும், ஆனா பெரும்பாலும் 25 கெஜம்தான், வேகமா சுட விடமாட்டாங்க, உறையிலேர்ந்து எடுத்துச் சுடவும் விடமாட்டாங்க. கவுண்டர்ல உங்க தோட்டா மேல காந்தம் வச்சுப் பாப்பாங்க, ஒட்டுனா உள்ள எடுத்துட்டுப் போக முடியாது, இரும்பு கலந்த தோட்டா பின்சுவத்தைக் கெடுக்கும். நீங்க பாக்க வேண்டியது காத்து. சுடும்போது புகை உங்களைத் தாண்டி டார்கெட் பக்கம் போகணும், முகத்துக்குத் திரும்பி வந்தா ஈயத் தூசியை மூச்சுல இழுக்கிறீங்கன்னு அர்த்தம், அடுத்த தடவை வேற இடம் பாருங்க. வெளிய வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாம எதையும் வாயில வைக்காதீங்க, வீட்டுல தவழுற குழந்தை இருந்தா அந்த ஷூவை வாசல்லயே விடுங்க.

நம்ம ஆளுங்க பலருக்குத் தெரியாத ஒண்ணு. எச்1பி, எஃப்1 மாதிரி நான்-இமிக்ரன்ட் விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கிறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம், ரேஞ்ச்ல வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுடுறதும் இதுல அடக்கம். விதிவிலக்கு இருக்கு, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தா பொருந்தும், அதுக்குத்தான் பல பேரு வேட்டைக்கே போகாம மாநில ஹண்டிங் லைசென்ஸ் வாங்கி வச்சிருக்காங்க. கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை இல்ல. ஆபீஸ் டீம் அவுட்டிங்னு கூட்டிட்டுப் போறாங்களேன்னு போயி நிக்காதீங்க, கவுண்டர்ல கேக்கலன்னா அது அவங்க கவனக்குறைவு, மாட்டுறது உங்க விசா.

2025 ஜனவரில கையெழுத்தான எக்ஸ்ப்ளோர் சட்டம், ஒவ்வொரு நேஷனல் ஃபாரஸ்ட்டுலயும் ஒவ்வொரு பிஎல்எம் மாவட்டத்துலயும் குறைஞ்சது ஒரு முறையான டார்கெட் ரேஞ்சாவது இருக்கணும்னு சொல்லுது. கட்டி முடிக்க வருஷம் ஆகும், ஆனா எந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறாங்கன்னு பொதுமக்கள் கருத்து கேக்குற கட்டம் ஒண்ணு வரும், உங்க ஏரியா ஆபீஸ்ல இப்பவே கேட்டு வைக்கலாம். தனியார் ரேஞ்ச்ல ஆயுள் மெம்பர்ஷிப்புக்கு ஆயிரக்கணக்குல பணம் கட்டுறதுக்கு முன்னாடியும் கவுண்டி பிளானிங் ஆபீசுக்குப் போயி மூணு விஷயம் பாருங்க: நிலம் ரேஞ்ச் பேர்ல சொந்தமா இல்ல குத்தகையா, பர்மிட் எந்த வருஷம் முடியுது, மண் மேட்டுக்குப் பின்னாடி இருக்கிற நிலத்துக்கு யாராவது பிளாட் போட விண்ணப்பம் குடுத்திருக்காங்களா. இதுல பெரும்பாலானது பொது ஆவணமா இருக்கும், கேட்டுப் பாருங்க.